நீல ட்ரம்மில் அறுபது மீன்கள்

என் வீட்டு பால்கனியில் ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரம் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் பதினோராவது தளத்தில், பூந்தொட்டிகளுக்கு நடுவே, உள்ளே மீன்கள் நீந்த, அது நிற்பது என் கணவருக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த பண்டமாரான் வீட்டை விற்றபோது தம்பிகள் அலமாரி, தையல் மெஷின் என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நான் ட்ரம்மைக் கேட்டேன். பைத்தியமா என்று பார்த்தார்கள். அதற்குள் அக்கா இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகப் பார்த்திருப்பார்கள்.

துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா, குழாயில் அடிக்கடி தண்ணீர் நின்றுபோகிறதே என்று அதை வாங்கி வந்து வீட்டின் பின்பக்கம் வைத்தார். பாத்திரம் கழுவ, துணி அலச, கழிவறைக்கு ஊற்ற எல்லாம் அந்தத் தண்ணீர்தான். ஒரே வாரத்தில் கொசுப்புழு நெளிந்தது. அக்கா அம்மாவின் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ச் சாக்கடையில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்களைப் பிடித்து வந்து ட்ரம்மில் விட்டாள். புழு ஒழிந்தது. வடிகட்டிக்காக அம்மா ஒரு வாரம் திட்டினாள். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்குப் பதிமூன்று.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மீன் எண்ணுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. தண்ணீரைப் பேசின்களில் இறைத்து, குவளை குவளையாக மீனை மாற்றி எண்ணி, பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால் அக்கா சுவரில் எழுதுவாள். பன்னிரண்டு முப்பதானது, முப்பது ஐம்பதானது. எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆயிரம் ஆனதும் கிள்ளானில் மீன் கடை போடுவதாகத் திட்டம். ஆனால் அறுபதுக்கு வந்ததும் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் அறுபத்திரண்டு, அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு. தாய்மீன்கள் குட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தன. போட்ட கையோடு அவற்றைத் தின்றுகொண்டும் இருந்தன. மீன்களும் வேப்பிலை அளவுக்குக்கூட வளரவில்லை.

“எத்தனை இருக்கணும்னு மீனா முடிவு பண்ணுது? ட்ரம்தான் முடிவு பண்ணுது லா,” என்றாள் அக்கா. படித்துச் சொன்னதல்ல. ஞாயிறுதோறும் குனிந்து குனிந்து பார்த்ததில் வந்த பேச்சு அது.

நான் நம்பவில்லை. பசிதான் காரணம், பாவம் பட்டினி கிடக்கின்றன என்று ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு பாக்கெட் ரொட்டியை முழுதாகப் பிய்த்துப் போட்டேன். மூன்றாம் நாள் ட்ரம் நாறியது. பாதி மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அன்றைக்குப் பார்த்துக் குழாய்த் தண்ணீரும் நின்றுபோனது. அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். அக்கா, “நான்தான் போட்டேன்,” என்று சொல்லி அடியை வாங்கிக்கொண்டாள். அது எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் சலுகை என்பதால் நான் பெரிதாக நன்றியும் சொல்லவில்லை.

எங்கள் வீடும் ட்ரம்தான். அக்கா, நான், எங்களுக்குக் கீழே நான்கு தம்பிகள், அப்பா, அம்மா. இரண்டே அறை. ஒரு பாயில் மூன்று பேர். “தள்ளிப் படு” என்று யாராவது சொல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை. சுவரோரம் ஒடுங்கிக் கிடப்பது எப்போதும் அக்காதான். படிக்க ஒரே ஒரு மடக்கு மேசை. அதற்கு நானும் அவளும் போட்ட சண்டை பக்கத்து வீட்டு ஆன்டிக்கு மனப்பாடம்.

பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவள் அவள். மேலே படிக்க ஆறாம் படிவம் போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அவளோ பினாங்கில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டுவிட்டாள். “ஹோஸ்டல்ல தனிக் கட்டில் குடுக்கறாங்க லா, எவளுக்குக் கெடைக்கும்?” என்று சிரித்தாள். நானும் அதை அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கிளம்பும் அன்று காலை பாதி மீன்களை ஐஸ்கிரீம் வாளியில் அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்தாள். “மிச்சம் இருக்கறது பெருசாவும் பாரு,” என்றாள். வேன் வந்தது. அது தெருமுனை திரும்புவதற்கு முன்பே நான் உள்ளே ஓடி மேசையைப் பிடித்துக்கொண்டேன். இதை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் சொன்னபடியே மீன்கள் பெருத்தன. புதுக் குட்டிகள் பிழைத்தன. நெடுநாள் நெரிசலில் கிடந்த சில மட்டும் இடம் கிடைத்தும் வளரவே இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி அறுபது. வீட்டிலும் அதே கதைதான். தீபாவளிக்கு அக்கா வந்தபோது, பாயில் அவள் விட்டுப்போன இடத்தைத் தம்பிகளின் கைகால்கள் எப்போதோ நிரப்பியிருந்தன. அவள் அடுக்களையில் படுத்தாள். இரண்டே நாளில் கிளம்பினாள். அன்று தொடங்கி எந்த விசேஷத்துக்கும் அவளுக்கு இரண்டு நாள்தான்.

நான் அந்த மேசையில் படித்துப் பல்கலைக்கழகம் போய் உயிரியல் ஆசிரியை ஆனேன். கூட்டம் அடர்த்தியாகும்போது பிறப்பு குறைந்து இறப்பு கூடும், ஓர் அளவோடு எண்ணிக்கை நிற்கும் என்று வருடாவருடம் பலகையில் கோடு வரைகிறேன். மேலேறி, வளைந்து, சமமாகிப் போகும் கோடு. சமமாகும் இடம் வந்ததும் எனக்கு எங்கள் பின்பக்கச் சுவர்தான் தெரியும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஹோஸ்டல், வாடகை அறை என்று இருந்துவிட்டு, சென்ற மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். என் மகள் வேலைக்காக ஆஸ்திரேலியா போய்விட்டதால் அவள் அறை சும்மா கிடக்கிறது. இங்கேயே வந்துவிடு என்று அக்காவிடம் கெஞ்சினேன். வந்தாள். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரே ஒரு பையோடு இறங்கி, முதல் காரியமாகச் சனிக்கிழமைக்கு எடுத்துவைத்திருந்த திரும்பும் டிக்கெட்டைக் காட்டினாள். அன்று வியாழன். வீட்டுக்குள் நுழைந்து மூன்று அறைகளையும் பார்த்துவிட்டு, “நான் இருந்தா உங்களுக்கு எடம் பத்துமா?” என்றாள்.

மறுநாள் காலை காப்பியோடு அவள் அறைக்குப் போனேன். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கும் கட்டில். அக்கா சுவரோரம் ஒரு முழ அகலத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். கதவுச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறக்காமலேயே இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி நகர்ந்தாள்.

“எடம் இருக்கு, வந்து படு,” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்து, மேசை விஷயத்தைச் சொன்னேன். வேன் திரும்பும்முன் ஓடியதைச் சொன்னேன்.

“தெரியும் லா. வேன்லேருந்து பாத்துகிட்டுதானே இருந்தேன். நீ ஓடுனதப் பாத்துதான் நிம்மதியா போனேன்,” என்றாள். “எவனாச்சும் தம்பி முந்திக்குவானோன்னு பயந்துட்டேன்.”

“அப்ப போகாத, அக்கா. இது பெரிய ட்ரம்.”

அவள் எழுந்து காப்பியைக் குடித்துவிட்டு பால்கனிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பேசின் உருளும் சத்தம் கேட்டது. நான் போனபோது நைட்டியை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு குவளையில் மீன்களை மாற்றிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் என் பக்கம் கையை நீட்டினாள். என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்துக் கொடுத்தேன். என் கணவர் போன வருடம்தான் வெள்ளையடித்த சுவரில், ட்ரம்முக்கு மேலே, பெரிதாக 41 என்று எழுதினாள்.

“இன்னும் ஏறும்,” என்றாள். “ஞாயித்துக்கெழம திரும்ப எண்ணணும்.”