இந்த மாசியில் நான் விதவையா?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்த வருடம் காமன் கூத்தைத் தனியாகப் போட எந்த டிவிசன் சங்கத்திடமும் ஆளில்லை. மேல் டிவிசனில் மன்மதன் கிடையாது, கீழ் டிவிசனில் ரதி கிடையாது. சேராவிட்டால் கூத்தே இல்லை என்று இன்று மாலை, பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் கூடினோம்.

ரதி நான்தான். மீசை இன்னும் முளைக்காததே தகுதி.

எங்கள் மேல் டிவிசன் செயலாளர் முனியாண்டி அண்ணன், "சிவன் நெத்திக்கண்ணத் தொறந்தா மன்மதன் எரிஞ்சே ஆகணும்" என்றார்.

கீழ் டிவிசன் ராமையா அண்ணன் எழுந்தார். "எங்க லாவணிப் பாட்டுல அவரு எரிஞ்சதே இல்லீங்க. எங்க பயல எரிக்க நாங்க விடமாட்டோம்."

மன்மதனாக நடிக்கும் செல்வம் கையைத் தூக்கினான். "அண்ணே, நான் செத்தேனா இல்லையான்னு எனக்காவது சொல்லுங்க."

"நீ சும்மா இருடா, இது பெரிய விசயம்!"

இரு செயலாளர்களும் ஒன்றுபட்டது அங்கேதான்.

தேத்தண்ணி வந்தபின் தீர்ப்பும் வந்தது. திடலின் நடுவில் தீ மூட்டப்படும். மேல் டிவிசன் பக்கம் திரும்பி நான் ஒப்பாரி வைக்க வேண்டும். கீழ் டிவிசன் பக்கம் திரும்பிப் புருசனோடு சிரிக்க வேண்டும்.

எப்படியோ, கூத்து உண்டு. எந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நடுவில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம்.