அடிவாரத்தில் நிற்கும் பஸ்

எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரம். சென்னையில், மொபைலில் விளையாடும் பஸ் கேம் ஒன்றை உருவாக்கும் குழுவில் வேலை. அதில் மலைப்பாதை என் பொறுப்பு.

எங்கள் ஊரிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸை அடிவாரக் கோயிலருகே கொஞ்சம் நிறுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் டிரைவர் மலையேறுவார். யாரிடமும் சொல்லாமல் அதை கேமில் வைத்துவிட்டேன். எதை அழுத்தினாலும் பஸ் அங்கே சற்று நின்றுதான் கிளம்பும்.

விளையாடியவர்கள் கோளாறு என்று திட்டித் தீர்த்தார்கள். "எடுத்துடுப்பா" என்றார் மேலாளர். எடுக்க உட்கார்ந்தபோது, கேமின் புகார் பக்கத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"துபாய்ல லாரி ஓட்டிக்கினு இருக்கேங்க. பஸ்ஸு நிக்கிற எடம் நம்ம வெள்ளிமலை அடிவாரந்தானே? ரூம்ல படுத்துக்கினு ஆடுனேன். அங்க நின்னதும் எழுந்து உக்காந்து கும்புட்டேன். மேல என் வூடு இருக்குதுங்க. அதையும் வெச்சிருக்கீங்களா?"

மேலே நான் எதையும் வைக்கவில்லை. பாதை பனிமூட்டத்தில் முடிந்துவிடும்.

நிறுத்தத்தை எடுக்க மனம் வரவில்லை. உங்கள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று அவருக்கு எழுதினேன். பதிலுக்குக் காத்திருக்கும்போதுதான் உறைத்தது: போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கதவுக்கு என்ன பெயின்ட் அடித்தார்கள் என்று எனக்கே தெரியாது.