தாய்மாமன் போட்டுவிட்ட ஹெல்மெட்

ஆடி பிறந்துவிட்டால் கோவில்பட்டியில் ஈ ஓட்டும் கடைகளில் என் வீடியோ கடையும் ஒன்று. கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, புதுவீட்டுப் பால்காய்ப்பு கிடையாது. கேமராவைத் துடைத்து வைப்பதும், போன வருடம் கல்யாணம் முடித்தவர்கள் ஆல்பம் கேட்டு வந்தால் உள்ளறைக்குள் நழுவுவதும்தான் வேலை. அப்படி ஒளிந்திருந்த ஒரு மத்தியானம், பிள்ளைகள் ஸ்கேட்டிங் செய்வதை வீடியோ எடுத்து அப்பா அம்மாவிடமே விற்கலாம் என்று தோன்றியது.

ஊருக்கு வெளியே, பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சு ஆலையின் சிமென்ட் களத்தில் மாஸ்டர் ஒருவர் சாயங்காலம் ஸ்கேட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் கரிசல். வெயிலில் கால் நுழையும்படி வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் களத்தை விட்டால் சக்கரம் உருள நாற்கரச் சாலைதான் உண்டு. லாரியில் பஞ்சுப்பொதி ஏற்றுவதற்காகக் கட்டிய சரிவு மேடை ஒன்று அங்கே இருந்தது. அதில் வேகமாக ஏறி அந்தப் பக்கம் தாவுவதுதான் களத்தின் பெரிய வித்தை.

முதலில் நான் படித்தவன் புத்தியோடு விளம்பரம் எழுதினேன். உடல் உறுதிப்படும், தன்னம்பிக்கை வளரும், அந்தத் தருணங்களை நாங்கள் பதிவு செய்வோம் என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். வந்தது ஒரே ஒரு பதில். பாஸ்போர்ட் போட்டோ உடனே கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள்.

பிறகுதான் எனக்கு ஊர் புரிந்தது. களத்து ஓரத்தில் பைக்கில் சாய்ந்து நிற்கும் தாய்மார்களிடம் போய், "உங்க ஓரகத்தி மகனுக்கு எடுக்கப் போறாகளாம், உங்ககிட்டச் சொல்லலியா?" என்று மெல்லக் கேட்பேன். முழுப் பொய். மறுநாள் இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வரும். தன்னம்பிக்கைக்கு விலை போகாத சரக்கு ஓரகத்திக்கு விலை போனது.

வந்தவர்களுக்குத் தெரிந்த வீடியோ கல்யாண வீடியோதான். ஆகவே முதலில் குலதெய்வம் வர வேண்டும். மேல் மூலையில் செத்துப்போன தாத்தா படம், பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு. பையன் நடுவில் உருண்டு போவான். ஒரு அப்பா சொன்னார்: "நம்ம பய விழுந்தத வெட்டிருங்க அண்ணாச்சி. மத்த பிள்ளைக விழுந்தது இருக்கட்டும், நல்லாருக்கு."

எல்லாருக்கும் ஒரே குறை, ஹெல்மெட். முகம் தெரியவில்லை என்றார்கள். முகம் தெரியாத பிள்ளையை எந்தச் சொந்தக்காரனிடம் காட்டுவது? மாஸ்டரோ ஹெல்மெட் இல்லாமல் களத்தில் கால் வைக்கக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். வியாபாரம் படுத்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. காது குத்த மடி கொடுப்பது யார்? தாய்மாமன். அவரே வந்து ஹெல்மெட் போட்டுவிடட்டும். அதை ஒரு சடங்காக விரித்து எடுத்தால் முகத்துக்கு முகமும் ஆச்சு, மாமனுக்கு மரியாதையும் ஆச்சு.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எட்டயபுரத்திலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் மடிப்புக் கலையாத வேட்டியில் மாமன்கள் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் குங்குமம் வைத்த ஹெல்மெட். ஒரு மாமன் முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டார். மாஸ்டர் திருத்தப் போனதும், "எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீரு எப்படிய்யா போடலாம்?" என்று சண்டைக்கு நின்றார். அதையும் எடுத்தேன். சண்டை இல்லாமல் விசேஷ வீடியோ நிறைவாகாது.

அப்படி எடுத்ததில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் அம்மா எட்டயபுரம் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் மொபெட்டில் அவளைக் கூட்டி வருவார். அவளுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். சக்கரக்காலணி வாங்கிக் கொடுத்தது எப்போதும்வென்றானில் இருக்கும் அவள் தாய்மாமன். வீடியோ எடுத்த அன்று தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துக் கூட்டி வந்ததில், மாமன் எவ்வளவு அமுக்கியும் ஹெல்மெட் தலையில் இறங்கவில்லை. கடைசியில் பூவை எடுத்து ஹெல்மெட்டைச் சுற்றிக் கட்டினார்கள். ஆடிக் காற்று என் டிரோனைத் தூக்கிக்கொண்டு போய் உடைமரத்தில் சொருகியது. எல்லாக் கூத்தும் முடிந்த பிறகு அவள் மேடையில் ஏறித் தாவினாள். பூ காற்றில் உதிர்ந்தது. எத்தனையோ மணப்பெண்களிடம் கொஞ்சம் சிரியுங்கம்மா என்று கெஞ்சியவன் நான். அவளிடம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

மாமன் திருப்தியாகத் துண்டை உதறினார். "நல்லா வந்துட்டு, என்ன? ஆவணில நம்ம வீட்டுப் பால்காய்ப்பு. பெரிய திரையில போட்டுருவோம். அதோட இந்தச் சக்கரத்தக் கழட்டிரலாம்."

"ஏன் அண்ணாச்சி, நல்லா பண்ணுதாளே?"

"பொம்பளப்பிள்ள. கால கைய ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு எவன் கெட்டுவான்? அதான் வீடியோவுல இருக்குல்லா. வேணுங்கப்ப போட்டுப் பாத்துக்கிடட்டும்."

அவள் காதில் விழுந்தது. குனிந்து வார் அவிழ்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவள் அம்மா ஏற்கெனவே துடைத்த தாம்பாளத்தை மறுபடி துடைத்தார்.

உங்கள் வீடியோ வந்த பிறகு பிள்ளைகள் குறைகிறார்கள் என்று மாஸ்டர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், வீடியோ வாங்கிப்போன ஒரு பிள்ளைகூட களத்துக்குத் திரும்பவில்லை. ஒரு வீட்டில் சக்கரக்காலணியைத் துடைத்து ஷோகேஸில் பொம்மைகளோடு வைத்திருந்ததை நானே பார்த்தேன். ஆல்பம் வந்தால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். பிள்ளைகளின் விளையாட்டை வளர்க்கிறேன் என்று விளம்பரம் போட்டுக்கொண்டு அதற்குப் பாலூற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, அம்மா மார்க்கெட்டில் காய் வாங்கப் போன நேரத்தில் அந்தப் பிள்ளை தனியாகக் கடைப்படி ஏறி வந்தாள்.

"அண்ணாச்சி, என் வீடியோ முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சே. பாக்குதியா?"

"வேண்டாம்." மேசைப் பக்கம் வந்தாள். "நீங்க கல்யாண வீடியோவே வருசம் கழிச்சுத்தான் குடுப்பீங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிச்சீங்க?"

என் தொழில் வாழ்க்கையில் வேகமாக வேலை பார்த்ததற்காக ஒருவர் என்னைக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. "இன்னும் கொஞ்சம் வேலை கெடக்கு" என்றேன். தலையாட்டிவிட்டு ஓடினாள்.

அதன் பிறகு என் கைவந்த கலையைக் காட்டினேன். மாமன் போன் செய்தால் கலர் சரியில்லை என்பேன். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதற்கடுத்த வாரம் என் சொந்தத்தில் ஒரு கிழவர் சாவார். அந்த ஆவணியில் அப்படி எனக்குச் செத்துப்போன பெரியப்பாக்களுக்குக் கணக்கில்லை. பால்காய்ப்பு அன்று பெரிய திரையில் வெறும் சினிமாப் பாட்டு ஓடியதாகக் கேள்விப்பட்டேன். மாமன் பஜாரில் நின்று என் குலத்தையே இழுத்து ஏசினாராம். ஏசட்டும். அவள் சாயங்காலந்தோறும் களத்துக்கு வந்துகொண்டிருந்தாள். வீடியோ கைக்கு வராமல் சக்கரத்தைக் கழட்டினால் ஊருக்கு எதைக் காட்டுவது என்று மாமனும் பொறுத்திருந்தார்.

புரட்டாசியில் ஒரு நாள் அவள் அம்மாவே கடைக்கு வந்துவிட்டார். நான் உள்ளறைக்கு நழுவ நேரமில்லை. மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது, திரையில் அவர் மகள் மேடைக்கு மேலே அந்தரத்தில் நின்றாள்.

"வாங்காம வரக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிவிட்டுருக்காவ" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். "முடிஞ்சிருச்சு போல."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"போடுங்க."

முழுவதையும் நின்றபடியே பார்த்தார். அண்ணன் ஹெல்மெட்டோடு மல்லுக்கட்டும் இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். தாவும் இடம் வந்ததும், "இன்னொரு தரம்" என்றார். போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பென்டிரைவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. படியிறங்கித் தெருவில் நின்று போனை எடுத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது.

"அண்ணே, இன்னும் முடியலியாம். ஆமா, நானும் நல்லா நாக்கப் பிடுங்கிக்கிடுத மாதிரி கேட்டுட்டேன். சரியான சோம்பேறி மனுசன். இந்தாள்ட்டப் போயி குடுத்தோம் பாருங்க. தீவாளி கழியட்டும், பாப்போம்."

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே மொபெட்டை எடுத்தார். வண்டி களம் இருக்கும் பக்கம் திரும்பியது.