சங்கிலியில் ஐந்து ஊக்குகள்

மனைவிக்கு ஒரு மாதமாகத் தலைச்சுற்றல். மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த இயந்திரமே பெரிய காந்தம், உடம்பில் உலோகம் கூடாது என்றார்கள். வளையல், தோடு, மெட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், தாலிச் சங்கிலியை மட்டும் கழற்ற முடியாது என்றுவிட்டாள்.

நானும் அவள் பக்கம்தான். படித்த பௌதிகம் இருக்கிறதே. காந்தம் இரும்பை இழுக்கும், நிக்கலை இழுக்கும், தங்கத்தைச் சீண்டாது. அதைக் காட்டுவதற்காக, மயிலாப்பூர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பதினொரு காந்தங்களில் பெரியதை எடுத்து அவள் கழுத்தருகே கொண்டு போனேன். இரண்டு விரற்கடை இருக்கும்போதே சங்கிலி எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

"ஏன்னா, தங்கம் ஒட்டாதுன்னேளே?"

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். புடவைக்கு அவசரத்தில் உதவும் என்று அவள் சங்கிலியில் மாட்டிவைத்திருக்கும் ஊக்குகள், ஐந்து. தாலியோடு சேர்ந்தே கிடந்ததால் அவை இரும்பு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அடையாறு ஸ்கேன் சென்டரில் ஊக்குகளை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன்.

"தங்கத்த இழுக்காது சார். ஆனா சூடாகும், படமும் கெட்டுப் போவும்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

"கொஞ்ச நேரம் காந்தத்தை நிறுத்தி வையுங்களேன்."

"அத நிறுத்தவே மாட்டோம் சார். யாரும் உள்ள இல்லன்னாலும் இழுத்துக்கினேதான் இருக்கும்."

மனைவி கைப்பையைத் திறந்தாள். மஞ்சள் சரடும் ஒரு விரலி மஞ்சளும் வெளியே வந்தன. எப்போது எடுத்து வைத்தாளோ, பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது.

"நீங்க கட்டினா உள்ள போறேன்."

கல்யாணத்தன்று நான் போட்டது ஒரு முடிச்சு. மற்ற இரண்டும் அக்கா போட்டது. அக்கா இப்போது இல்லை. மூன்றையும் நானே போட்டேன். இரண்டாவது அவிழ்ந்து, மறுபடி போட வேண்டியிருந்தது. அதன் பிறகே சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

கதவு வரை போனேன். "கையில இரும்பு வச்சிருக்கீங்க, இங்கயே நில்லுங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "தொலைச்சுடாதேங்கோ. எண்ணி வெச்சுக்கோங்கோ."

கதவு சாத்திக்கொண்டது. காந்தப் புலம் கண்ணுக்குத் தெரியாது, தூரம் கூடினால் சட்டென்று குறையும். என் உள்ளங்கையில் ஊக்குகள் அசையவில்லை. எண்ணினேன், ஐந்து. உள்ளே தடதடவென்று சத்தம் ஆரம்பித்ததும் மறுபடி எண்ணினேன்.