கீழ் வீட்டுக்காரர் கேட்ட கல்வெட்டு

உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல்வெட்டு எழுதித் தரும்படி கேட்டு வந்த ஒரே மனிதர், புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த கிழவர்தான்.

கல்வெட்டு என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு சின்னப் புத்தகம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு எல்லாம் இருக்கும். என் மாமா அதை எழுதுவதில் விண்ணர். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சப் பிசினாறிகளைக் கொடைவள்ளல்கள் ஆக்குவார்.

கிழவர் ஒருகாலத்தில் ஸ்விங் என்ற ஆட்ட இசை வாசிக்கும் பாண்ட் குழு ஒன்றின் தலைவர். பதினாலு பேரைக் கட்டி மேய்த்தவர். பாட்டுகளும் அவரே எழுதினார். ஆனால் இசைத்தட்டுகளில் அச்சானது கம்பனி முதலாளியின் பெயர். மனைவி, பிள்ளைகள் என்று யாருமில்லை. மாடிப்படியில் என் கையிலிருந்த கல்வெட்டைப் பார்த்து, அது என்னவென்று கேட்டார். சொன்னேன். அடுத்த ஞாயிறு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். தன் பெயரும் தன் பாட்டுகளும் ஒரே புத்தகத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

மாமாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. பத்து வயதான நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"சீவனோட இருக்கிற மனிசனுக்குக் கல்வெட்டோ? கண் மூடின பிறகுதான் எழுதிறது. நோகாமல் சொல்லு, பிள்ளை" என்றார் மாமா.

நோகாமல் சொன்னேன். மாமா எழுதுவார் என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிழவர் ஞாயிறு தவறாமல் வந்தார். "என்னவாம்?" என்பார் மாமா. "பழங்கதை" என்பேன். மாமா தலையாட்டித் தேத்தண்ணி கொடுப்பார். எனக்கோ எல்லாம் அறிய ஆவல். பாண்ட்காரர்களின் பஸ் பனியில் புதைந்த கதையை நாலு தரம் சொல்ல வைத்தேன். விரல் விறைக்காமலிருக்கப் பதினாலு பேரும் வாசித்தார்களாம். ஊர் நாய்களெல்லாம் கூடி ஊளையிட்டனவாம். பாட்டுகளின் பெயருக்கு வரும்போது மட்டும் ஒவ்வொன்றாக, மெதுவாக, யாரோ எழுதிக்கொள்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வார். எனக்கு அலுப்பாக இருக்கும். ஜன்னலால் வீதியைப் பார்ப்பேன்.

பனி கரையத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அந்த ஞாயிறு யாரும் கேட்காமலே மாமா கடுதாசியும் பேனையுமாக உட்கார்ந்தார்.

"உன்னட்டைத்தானே எல்லாம் சொன்னவர். சொல்லு பிள்ளை, முதல்ல பாட்டுகளின்ர பேர்."

பஸ்ஸைச் சொன்னேன். நாய்களைச் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு?" என்றார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"நானே வடிவான பேராய் வைக்கிறன், மாமா" என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

மாமா பேனையை மூடினார். ஏச்சு விழும் என்று பயந்து நின்றேன். அவரோ என் தலையைத் தடவிவிட்டு, வெறுங் கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் சொல்லும் பெயர்கள் பிடிக்காது போலும் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.