கேடயப் படம் போட்ட நோட்டு

என் கடை மேசையின் இழுப்பறையில் காக்கி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி அட்டைமேல் ஒட்டி, ‘கம்பூட்டர்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. உள்ளே எழுத்தைவிடப் படங்கள் அதிகம். பிரிண்டரின் பொத்தான், காகிதம் சிக்கினால் இழுக்க வேண்டிய கதவு, திரையின் கீழ் மூலையில் வரும் சின்னச் சின்னச் சின்னங்கள் எல்லாம் நீல மையில் வரையப்பட்டிருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேடயம். அதற்குக் கீழே, ‘இது காவல். பச்சையா இருந்தா நல்லது. செவப்பா இருந்தா தம்பிக்கு போன்’ என்று குறிப்பு. அந்தத் தம்பி நான்தான்.

எழுதியவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அக்கா. லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர், பத்தாவது வரை படித்தவர். பல வருடங்களாக லேபின் பின்கட்டில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிற வேலை பார்த்தார். முன்னால் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட, வேறு ஆள் கிடைக்கும்வரை பாருங்கள் என்று லேபின் உரிமையாளரான சார் இவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். வேறு ஆள் தேடவே தேவைப்படவில்லை. அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வர ஆரம்பித்தார். ஒற்றை விரலால் அடித்தாலும் ஒரு ரிப்போர்ட்டில்கூடப் பெயரோ எண்ணோ தப்பாக வந்ததில்லை என்று சாரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தேன். வருடத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு கிளினிக், டியூஷன் சென்டர், டிராவல்ஸ் போன்ற இடங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. லேப் என் பொறுப்பு. நான் போகும்போதெல்லாம் அக்கா அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்வதைச் சொல்லச் சொல்ல எழுதுவார். மெதுவா சொல்லு தம்பி என்பார். எனக்கோ அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். ஒருநாள், சிஸ்டம் அப்டேட் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டார். பைக் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, “கேட்டா சரின்னு குடுங்கக்கா, அது கம்ப்யூட்டருக்கு டானிக் மாதிரி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

எங்கள் தொழிலில் வைரஸை விடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. வைரஸைத் தடுக்கப் போடுகிற ஆன்டிவைரஸ்தான் அது, அக்காவின் நோட்டில் இருக்கும் அந்தக் கேடயம். அது சிஸ்டத்தின் உள்ளறை வரை போய் உட்கார்ந்துகொண்டு காவல் காக்கும். பெரிய அப்டேட் வந்து உள்ளே நாலு பூட்டை மாற்றிவிட்டால், பழைய ஆன்டிவைரஸுக்கு அது தெரியாது. வீட்டுக்காரரையே திருடன் என்று மடக்குகிற வாட்ச்மேன் மாதிரி சிஸ்டத்தையே மடக்கிவிடும். நீலத் திரை வரும், அணையும், மறுபடி எழும், மறுபடி நீலத் திரை. முதலில் ஆன்டிவைரஸைப் புதுசாக்கி, அப்புறம்தான் அப்டேட்டை உள்ளே விட வேண்டும். நாங்கள் எல்லா இடத்திலும் போட்டிருந்தது ஒரே பழைய ஆன்டிவைரஸ். ஒரு வாரம் குரோம்பேட்டையில் ஒன்று, மேடவாக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடங்களில் இதே கதை நடந்ததும் எங்கள் ஓனர் சுதாரித்துக்கொண்டார்.

ஓனர் ஒரு பட்டியலை என் முன்னால் போட்டார். “இந்தா, ஒர்த்தரு வுடாம எல்லாருக்கும் போன போடு. அப்டேட் இன்னா கேட்டாலும் ஒரு வாரத்துக்குத் தொடாதீங்கன்னு சொல்லு. பேசுனவங்க பேரு பக்கத்துல டிக் போட்டுக்கினே வா. அப்பால பேஜாராயிடும்” என்றார். இரண்டு பக்கப் பட்டியல். காலையிலிருந்து பேசினேன். ஒவ்வொருவரும் இதைக் கேட்டுக்கொண்டு, அப்படியே மவுஸ் வேலை செய்யவில்லை, பிரிண்டர் கோடு போடுகிறது என்று தங்கள் குறையையும் சேர்த்துக் கொட்டினார்கள். முதல் பக்கம் முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. அப்போது நண்பன் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். “மச்சான், டீம்ல ஒரு ஆள் கொறையுது, வாடா.” ரயில்வே மைதானத்தில் மேட்ச். இரண்டாம் பக்கத்தில் இருந்த எல்லாப் பெயருக்கும் நேராக மேலிருந்து கீழே டிக் போட்டேன், ஓனர் மேசையில் வைத்தேன், போய்விட்டேன். லேப் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு நான் எடுத்தது நாலு ரன்.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு லேபிலிருந்து போன். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்களால் பெஞ்ச் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆபரேஷன், ரிப்போர்ட் உடனே வேண்டும் என்று ஒருவர் கவுன்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். திரையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நீலம், இருட்டு, மறுபடி நீலம். என் டிக் என் முகத்துக்கு நேராக எழுந்து எழுந்து அணைவதாகத்தான் தோன்றியது. சார் நின்ற இடத்தில் நிற்கவில்லை. “யாருப்பா பண்ணது இது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும். பேஷன்ட் எல்லாம் எழுந்து வேற லேபுக்குப் போறாங்க” என்று கத்தினார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் வாடிக்கையாளரைப் பார்த்து, ‘நீங்க என்ன பண்ணீங்க?’ என்று கேட்பது. ஓனர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கேட்ட உடனே எதிராளி தடுமாறுவார். அந்தத் தடுமாற்றமே பழியை அவர் தலையில் கட்டிவிடும். அன்றைக்கு நான் அக்காவைப் பார்த்து, “எதையாவது அமுத்துனீங்களாக்கா?” என்று கேட்டேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “ஆமா தம்பி. அப்டேட்டுன்னு கேட்டுது. சரின்னு குட்த்தேன்” என்றார். நான் சாரிடம் திரும்பினேன். “அதான் சார். எங்களைக் கேக்காம குடுத்துட்டாங்க.” வாய் கூசாமல் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட யோசனை தேவைப்படவில்லை. இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்த வேகம்தான்.

அக்காவின் கை இழுப்பறைக்குப் போனது. நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திறந்தார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாவி சுழற்றியதுகூட நினைவிருந்தது. அக்கா அந்த வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். குழப்பம்தான் இருந்தது. நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டார். “இதெல்லாம் படிச்சவங்க பாக்கற வேலைம்மா, என் தப்புதான். நாளைலேர்ந்து பழையபடி பின்னாடியே இருங்க” என்றார் சார். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, கவுன்டருக்குக் கீழே வைத்திருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க அக்கா பின்கட்டுக்குப் போனார்.

சரிசெய்ய ஒரு மணி நேரம்தான் ஆனது. சேஃப் மோட் என்று நாங்கள் சொல்கிற பாதித் தூக்கத்தில் சிஸ்டத்தை எழுப்பி, ஆன்டிவைரஸை நீக்கி, மறுபடி தொடங்கினேன். ஒரு ரிப்போர்ட்கூட அழியவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் சாரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம். சொன்னால் ஓனர் என்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்; வேறு கடை கிடைத்திருக்கும். தாம்பரத்தில் அப்போது தெருவுக்கு ஒரு சர்வீஸ் கடை. இவ்வளவு சின்ன நஷ்டத்துக்குப் பயந்துகொண்டு மென்று முழுங்கினேன். முடிக்கும் நேரத்தில் அக்காவே டீ கொண்டுவந்து வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “காலீலயே உன்ன அலைய வுட்டுட்டேனே தம்பி, மன்ச்சுக்கோ” என்றார். அந்த டீயை நான் குடித்தேன்.

ஒரு வருடம் கழித்து லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வைக்கப் போனபோது அக்கா அங்கே இல்லை. வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பழைய மேசையைக் காலி செய்கையில் இழுப்பறையின் அடியில் நோட்டு கிடந்தது. அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடினேன். ‘அப்டேட் கேட்டா சரி குடுக்கணும். டானிக் மாதிரி. தம்பி சொன்னது’ என்ற வரியின்மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அதற்குக் கீழே புதிதாக எழுதியிருந்தார்: ‘தம்பி இப்படி சொல்லி இருக்காது. நான்தான் தப்பா எழுதிக்கினேன். இனிமே எதையும் தொடக் கூடாது.’ அதற்கப்புறம் எல்லாம் வெற்றுப் பக்கங்கள். அன்றைக்கு அவர் நோட்டை மூடியது என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக அல்ல. தன் கையெழுத்தைவிட என்னை நம்பினார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நோட்டைச் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். சாரிடம் காட்டலாமே என்ற எண்ணம் திரும்பும் வழியில் கேம்ப் ரோடு தாண்டிய பிறகுதான் வந்தது. வந்தும் வண்டியைத் திருப்பவில்லை.

இப்போது சேலையூரில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை. வருகிறவர்களிடம், நீங்க என்ன பண்ணீங்க என்று நான் கேட்பதில்லை. இதைச் சொன்னால் எனக்கு நல்ல பெயர் வந்துவிடும் என்பதால் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் செம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு நின்றபோது, எடுத்துக் கொடுத்தவர் அக்கா. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் விரிந்தன. “இன்னா தம்பி, எப்டி கீற?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், “எங்க லேப் தம்பிம்மா. நான் கம்பூட்டர கெட்த்து வச்சத ஒரே மணி நேரத்துல சரி பண்ணிக் குட்த்த புள்ள” என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். பில் போட எத்தனையோ தடவை கூப்பிட்டும் இந்த அக்கா கம்ப்யூட்டர் பக்கம் வரவே மாட்டேன் என்கிறார் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என்னிடம் புகார் சொன்னாள். “அய்ய, நமக்கு ராசியில்லம்மா” என்றார் அக்கா.

அன்றைக்கே தன் போனை நீட்டினார். திரையில் அப்டேட் கேட்டு ஒரு பெட்டி. எத்தனையோ நாளாக அது கேட்டுக்கொண்டே இருக்கிறதாம், அவர் தொடவில்லையாம். “நீயே அமுத்திடு தம்பி. என் கை பட்டா எதுனா ஆயிடும்.” அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஏதோ வித்தையைப் பார்த்ததுபோல் பார்த்தார். அன்றிலிருந்து எப்போது அப்டேட் வந்தாலும் எனக்கு ஒரு போன் வரும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போவேன். ஒரு பொத்தானை அழுத்துவதற்காக அவ்வளவு தூரம் வருகிற பிள்ளை என்று தெருவெல்லாம் எனக்குப் பெயர். அவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அவர் தருகிற டீயைக் குடித்துக்கொண்டே அந்தப் புகழையும் கேட்டுக்கொண்டு வருகிறேன். திட்டு வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் இப்படிப் பாராட்டு வாங்குவது என்னை அணு அணுவாகக் கொல்கிறது.

இன்று காலையும் போன் வந்தது. “தம்பி, மறுபடியும் இன்னாவோ கேக்குது. நான் தொடல. நீ வந்து பாரு.” சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். பிளாஸ்திரியின் ஓரம் பழுத்து உரிந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்துக் கேடயம் அப்படியே நீலமாக இருக்கிறது. அடித்த வரியை அவரிடம் காட்டி, அக்கா, நீங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை, அரை நிமிடம் ஆகும். நோட்டைப் பையில் வைத்துவிட்டேன். போன தடவையும் வைத்துக்கொண்டுதான் போனேன்.