அருவியில் நாங்கள் கட்டிய அணை

வெகுதானிய வருஷத்து ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு உப்பிலியபுரத்துக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில் அருவி பார்க்கக் கிளம்பிய ஸ்ரீரங்கத்து அசடுகள் மூவர்: என் அத்திம்பேர், அவருடைய வக்கீல் சிநேகிதர், நான். வழிநெடுகக் கருவேலமரமும் சப்பாத்திக்கள்ளியும்தான்.

அருவி என்று ஊரார் சொன்னது பாறையில் ஒழுகிய நீர். கோயில் யானையைக் குளிப்பாட்டும்போது அதன் முதுகில் இதைவிட அதிகம் வழியும்.

"இதுக்கா விடியறதுக்கு முன்னாடி எழுந்தோம்?" என்றார் வக்கீல்.

முங்கிக் குளிக்காவிட்டால் அத்திம்பேருக்கு அது ஸ்நானமே அல்ல. எனவே கல்லும் மணலும் அள்ளிப் போட்டு ஓடையை மறித்தோம். பள்ளம் இடுப்பளவு நிரம்ப வெகுநேரம் ஆயிற்று. சீயக்காய் தேய்த்து, சங்கல்பம் சொல்லி முங்கினோம். அதிலேயே வேஷ்டி அலசினோம். பிறகு புளியோதரையைத் தின்றுவிட்டு, மலைக்காற்றின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தோம்.

உச்சி சாய்ந்தபின் மண்வெட்டியோடு ஒரு குடியானவர் மேலேறி வந்தார். அணையைப் பார்த்தார்.

"எட்டு நாளைக்கு ஒருக்கா எனக்கு முறைத் தண்ணி சாமி. வாய்க்கால் தலைப்புல ஒரு கல்லு நட்டிருக்கு. காலையிலேருந்து, அதோட நிழல் கல்லடிக்கு வர்ற உச்சி வரைக்கும் என்னுது. வெங்காயம் நட்டு, இன்னிக்குத்தான் ரெண்டாந்தண்ணி. மலையில ஊத்துக் கொறைஞ்சுட்டுதாக்கும்னு கீழேயே உக்காந்திருந்தேன்."

"அதனால என்ன? இப்பத் திறந்து விட்டுக்கோ," என்றார் அத்திம்பேர் தாராளமாக.

"இப்ப வர்றது அடுத்த வெங்காயக் காட்டுக்காரருதுங்க."

"அவன்கிட்ட ஒரு நாழிகை கேளேன்."

"கேட்டாத் தருவாரு. அவரு வெங்காயம் காயும்."

ஓடும் நீர் ஒருவனுக்கு மட்டும் பாத்தியமாகாது என்று வக்கீல் சட்டம் பேச ஆரம்பித்தார். காவிரிக்கரையில் உட்கார்ந்து அதைப் பேசுவது சுலபம். குடியானவர் மண்வெட்டியை ஓங்கினார். நாலு வெட்டில் எங்கள் அணை போயிற்று.

அவர் பின்னாலேயே நானும் இறங்கினேன். எங்கள் சீயக்காய் நுரையோடு தண்ணீர் வருவதற்குள் அவர் மண்ணை வெட்டிப் போட்டுத் தம் வாய்க்காலின் வாயைத் தாமே அடைத்தார். தண்ணீர் அதைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போயிற்று.

"இன்னும் எட்டு நாள் தாங்குமா?" என்று கேட்டேன். அதைவிட உருப்படியாகக் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"தாங்காதுங்க," என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைக் கழுவாமலே தோளில் போட்டுக்கொண்டு போனார். மேலே அத்திம்பேரும் வக்கீலும், வந்ததற்கு ஸ்நானமாவது ஆயிற்று என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.